பெயரன்

பேரன் என்ற சொல் பெயரன் என்பதன் மரூஉ. பெயரை உடையவன்; பாட்டனின் பெயரை உடையவன். மகனின் மகன் என்றோ மகளின் மகன் என்றோ சொல்லாமல், உறவையே பெயரால் சுட்டுகிறது தமிழ். இஸ்லாம் இந்தக் கரைக்கு வருவதற்கு முன்பே இங்கே இருந்த வழக்கம் அது. வந்த பிறகு பெயர்கள் மாறின. பெயரிடும் முறை மாறவில்லை. பாட்டன் பெயரை இடுவது அரபிகளிடமும் உண்டுதான். ஆனால் நமக்கு அது அவர்களிடமிருந்து வந்ததல்ல என்பதற்கு அந்தச் சொல்லே சாட்சி. காயல்பட்டினத்தில் முதல் ஆண்பிள்ளைக்கு வாப்பாவைப் பெற்றவரின் பெயர் என்பது பெரும்பாலும் பேச்சுக்கு இடமில்லாத விஷயமாகவே இருந்து வந்திருக்கிறது.

இந்த ஊரில் வீடு பெண்ணுக்கு. நிக்காஹ் ஆனதும் மாப்பிள்ளை பெண்வீட்டுக்கு வருகிறார். பிள்ளைகள் உம்மாவைப் பெற்றவளின் வீட்டில், உம்மாவின் சகோதரிகள் போய்வரும் முடுக்குகளில் வளர்கிறார்கள். பெயர் மட்டும் வேறொரு வீட்டிலிருந்து வருகிறது. அந்தப் பெயரைத் தினமும் நூறு தடவை சொல்லவேண்டியவள் தாய். மாமனார் பெயரை மருமகள் வாயால் சொல்லக்கூடாது என்பது தமிழ்நாடு முழுக்க இருந்த மரியாதை. எங்கள் தெருக்களில் அது இன்னும் முழுதாகப் போய்விடவில்லை. ஆகவே பெற்ற பிள்ளையின் பெயர் தாயின் வாய்க்கு விலக்கப்பட்டதாகிவிடும். தம்பி, வாப்பா, பெரியவன் என்று ஏதோ ஒன்று வந்து அந்த இடத்தில் உட்கார்ந்துகொள்ளும். ஒரு மனிதனுக்கு இரண்டு பெயர் என்பது இங்கே அவன் பிறந்த வாரத்திலேயே தொடங்கிவிடுகிறது.

சென்ற ஆண்டு என் ராத்தாவின் மகளுக்கு முதல் ஆண்பிள்ளை பிறந்தது. பிள்ளையின் வாப்பாவைப் பெற்றவர் அதற்குச் சில மாதங்கள் முன்புதான் மௌத்தாகியிருந்தார். அவர் பெயர் ஷெய்கு அப்துல் காதிர். தெருவுக்கு நாலு பேருக்கு இருக்கும் பெயர். ஊர் அவரைச் சேகாதி என்று கூப்பிட்டது. ரேஷன் அட்டையில் ஒரு மாதிரி, பத்திரத்தில் ஒரு மாதிரி, பாஸ்போர்ட்டில் ஒரு மாதிரி அந்தப் பெயருக்கு எழுத்துக்கூட்டல். எழுபது வருஷம் மாறாமல் இருந்தது வாய்ப்பெயர் ஒன்றுதான்.

ராத்தாவைப் பொறுத்தவரை பெயர் முடிவான விஷயம். ஆனால் சவுதியில் வேலையாக இருக்கும் மாப்பிள்ளையிடமிருந்து போனில் ஒரு பட்டியல் வந்தது. ரய்யான், முஆத், அய்மன், இயாத். ஒவ்வொன்றுக்கும் எதிரே பொருள் போட்டிருந்தது. முதல் மூன்றையும் பிறகு அவரே அடித்துவிட்டார். எஞ்சியது இயாத். 'நீங்கதான் படிக்கிற ஆள், நீங்க பேசுங்க' என்று ராத்தா போனை என் கையில் கொடுத்துவிட்டாள். பெயர் விஷயத்தில் என் பேச்சுக்கு இந்தக் குடும்பத்தில் கிடைத்த ஒரே இடம் இதுதான் என்பதால் வாங்கிக்கொண்டேன்.

மாப்பிள்ளையின் ஆட்சேபங்களை லேசாகத் தள்ளிவிட முடியாது. 'மாமா, காதர்னு கூப்பிடுறது அல்லாஹ்வோட பேரைச் சொல்லி ஒரு மனுஷனைக் கூப்பிடுறதுதானே?' என்றார். உண்மைதான். காதிர், ஆற்றலுள்ளவன், இறைவனின் திருநாமங்களில் ஒன்று. மனிதன் அப்துல் காதிர், அவனுடைய அடிமை, ஆகத்தான் முடியும். முன்பாதி உதிர்ந்துவிட்டால் அடிமை போய் ஆண்டவன் மிஞ்சுகிறான். நம் ஊர்களில் உதிராத அப்துலைப் பார்ப்பது அபூர்வம். இரண்டாவது, ஷெய்கு. பக்தாதில் 1166இல் மறைந்த அப்துல் காதிர் ஜீலானியின் நினைவாக வருவது அந்தப் பெயர். அந்த நினைவின் மேல்தான் இன்றைய தலைமுறைக்கும் முந்தைய தலைமுறைக்கும் ஊரில் வழக்கு. மூன்றாவதைத்தான் அவர் கொஞ்சம் தயங்கிச் சொன்னார். 'வாப்பாவை எல்லாரும் சேகாதின்னாங்க. அது அரபியும் இல்லை, தமிழும் இல்லை. ஒரு அர்த்தமும் இல்லை.'

முதல் இரண்டும் மார்க்கத்தில் படித்தவர்கள் பேசவேண்டியவை. மூன்றாவது மொழியைப் பற்றியது. அதைப்பற்றி எனக்குச் சொல்ல இருக்கிறது.

அரபு காதில் வித்தியாசப்படும் பல ஒலிகள் தமிழ் எழுத்தில் ஒன்றாகிவிடுகின்றன. தொண்டையின் அடியில் பிறக்கும் காஃப் ஒன்று, நம் ககரம் போன்ற காஃப் இன்னொன்று. ஃகைன், கா எல்லாம் நமக்கு ஒரே 'க'. இதனால் விபரீதங்கள் நேரலாம். கல்பு என்று எழுதினால் அது இதயமா நாயா என்று எழுத்து சொல்லாது. காதிர் ஆற்றலுள்ளவன், முதல் ஒலியைச் சற்று மாற்றினால் துரோகி. படைத்தவன் என்ற பொருளுள்ள காலிக்கை ஹகரம் போட்டுச் சொன்னால் சிரைப்பவன் ஆகிவிடுகிறான். ஏழாம் நாள் தலைமுடி இறக்கும் வீட்டில் அது பொருத்தமாகக்கூட இருக்கலாம்.

இந்தப் பட்டியலை நீட்டிக்கொண்டே போகலாம். வளைகுடாவுக்குப் போய்வந்த பிள்ளைகள் நீட்டுகிறார்கள். உச்சரிப்பைச் சரியாகக் கற்றுக்கொண்டவனுக்கு ஊர்ப்பேச்சு முழுவதும் பிழைத்திருத்தத்துக்கு வந்த கையெழுத்துப்படிபோலத் தெரிகிறது. ஆனால் ஒரு பாஷை இன்னொரு பாஷையிடமிருந்து வாங்கும்போது என்ன நடக்கிறது என்பது பற்றித் தொல்காப்பியம் ஒரு விதி வைத்திருக்கிறது. வடசொல் வரலாம், அதன் எழுத்தை விட்டுவிட்டு நம் எழுத்தோடு பொருந்தி வரவேண்டும். விதி வடமொழிக்குச் சொன்னது. கடல்வழி வந்த மொழிக்கும் நம் வாய் அதையே செய்தது. சீறாப்புராணத்தைப் பாடியவரின் பெயரே உதாரணம். உமர் என்பதில் முதலில் வரும் ஐன் நம்மிடம் இல்லை, போயிற்று. கடைசியில் ரகர மெய் வல்லின றகரமாகி, ஒரு உகரமும் ஒட்டிக்கொண்டது. உமறு. காப்பியத்துக்குள்ளே இப்லீஸ் இபுலீசு ஆனான். ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட விருத்தங்களில் இந்த வேலை நடந்திருக்கிறது. ஓசை கெடவில்லை, பக்தியும் கெட்டதாக யாரும் சொல்லவில்லை.

உமறுவை ஆதரித்த கீழக்கரை வள்ளல் யார்? சீதக்காதி. அந்தப் பெயரைப் பிரித்துப் பார்த்தால் உள்ளே இருப்பது ஷெய்கு அப்துல் காதிர். மாப்பிள்ளையின் வாப்பா பெயர் எதுவோ அதே பெயர். அதே தேய்மானம், வேறொரு நூற்றாண்டில். சீதக்காதி என்றால் அரபியில் ஒன்றுமில்லை. தமிழிலும் அகராதிப்பொருள் இல்லை. ஆனால் தமிழ்நாட்டில் எழுதப்படிக்கத் தெரியாதவனும் அந்தச் சொல்லைக் கேட்டால் கொடை என்பான். அர்த்தம் இல்லாத ஒரு சொல்லுக்கு ஒரு மனிதன் அர்த்தம் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறான். கவிதையில் சொல்லுக்கு நேர்வதும் இதுதான் என்று இந்தப் பக்கங்களில் பலர் எழுதியாகிவிட்டது. நான் அதிகம் சொல்லவேண்டியதில்லை.

தேய்மானம் ஒருவழிப் பாதையும் அல்ல. காயல் துறைமுகத்தில் அரபுக் குதிரைகள் இறங்கிய காலத்துக்குச் சற்றுப் பின், பதினான்காம் நூற்றாண்டில், பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாஃப் பாண்டிய அரசர்களைப்பற்றி எழுதுகிறார். குலசேகர தேவர் அவர் எழுத்தில் கலேஸ் தேவர். சுந்தர பாண்டியன் சுந்தர் பந்தி. நம் மன்னர்களை அவர்கள் வாய்க்கு ஏற்றபடி அவர்கள் செய்துகொண்டார்கள். அதே நூலில், பாண்டியனிடம் அமைச்சராக இருந்து காயலையும் வேறு இரண்டு துறைமுகங்களையும் பொறுப்பில் வைத்திருந்த தகியுத்தீன் அப்துர் ரஹ்மானின் பெயர் பிசகில்லாமல் வருகிறது. இவரைக் காயல் கடற்கரையில் சுமை தூக்கியவர்கள் என்ன பெயரிட்டுக் கூப்பிட்டார்கள் என்று வஸ்ஸாஃப் எழுதவில்லை. அதைத் தெரிந்துகொள்ளத்தான் எனக்கு ஆசை.

இன்னும் அருகே ஒரு உதாரணம். சதக்கத்துல்லா அப்பா 1632இல் காயலில் பிறந்தவர், 1703இல் மறைந்தார். அரபியில் எழுதிய பேரறிஞர். பாளையங்கோட்டையில் 1971இல் தொடங்கிய கல்லூரி அவர் பெயரில்தான் இருக்கிறது. அரபு ஏடுகளில் அவர் பெயரோடு அல்காஹிரி என்ற ஊர்ப்பெயர் சேர்ந்து வரும். காயல் அங்கே காஹிர் ஆகியிருக்கிறது. காஹிர் என்றால் அடக்கி ஆள்பவன். உப்பங்கழிக்குத் தமிழ் இட்ட பெயர், அரபிக்குள் போய் வெற்றிவீரனாக நிற்கிறது. இதை யாரும் கொச்சை என்று சொன்னதில்லை. நாம் அவர்கள் சொல்லைத் தேய்த்தால் பிழை, அவர்கள் எழுத்துக்கு ஏற்ப நம் சொல் மாறினால் கௌரவம் என்று நாமே வைத்துக்கொண்ட கணக்கு இது. அவர்கள் கேட்டதல்ல.

இந்தக் கணக்குக்கு நேர் எதிரான ஒன்றும் தமிழில் நடந்திருக்கிறது. வேதாசலம் 1916 வாக்கில் மறைமலை ஆனார். பெயரின் பொருளை எடுத்துக்கொண்டு ஓசையை விட்டுவிடும் முறை. அதன்படி அப்துல்லா இறையடியான் ஆகவேண்டும், ஆனவர்களும் உண்டு. தனித்தமிழ்க்காரருக்கு ஷகரமும் ஹகரமும் வேண்டாம். அரபி திருத்துபவருக்கு நம் 'க'வும் 'ச'வும் போதாது. இரண்டு பேரும் சுத்தத்தைத்தான் கேட்கிறார்கள். இரண்டு பேருக்கும் சீதக்காதி ஒரு சங்கடம். நவீன கவிதையில் இந்தச் சங்கடத்தோடு அவரவர் ஒரு உடன்பாட்டுக்கு வந்திருக்கிறார்கள். ஹபீபுல்லா என்ற கவிஞர் அபி ஆனார். கீழக்கரை சாகுல் ஹமீது, நாகூர் ஆண்டவரின் பெயரை விட்டுவிட்டு, புரட்சி என்று பொருள்படும் இன்குலாப்பை எடுத்துக்கொண்டார். அதுவும் அரபு வேர்ச்சொல்தான், உருது வழியாக வந்தது.

இதையெல்லாம் மாப்பிள்ளையிடம் போனில் இவ்வளவு வரிசையாகச் சொன்னேன் என்றில்லை. சொன்னவரைக்கும் பொறுமையாகக் கேட்டார். கேட்டுவிட்டு, 'ஹஸ்ன் கதை தெரியும்ல மாமா?' என்றார்.

தெரியும். ரஜப் மாதம் முழுவதும் புகாரி ஷரீபு ஓதும் ஊர் இது. காதில் விழாமல் வளர முடியாது. ஹஸ்ன் என்ற பெயருடைய ஒருவர் நபிகளிடம் வருகிறார். ஹஸ்ன் என்றால் கரடுமுரடான நிலம். ஸஹ்ல் என்று வைத்துக்கொள்ளச் சொல்கிறார்கள் நபிகள், சமவெளி, இலகுவானது. வந்தவர் மறுத்துவிடுகிறார், தகப்பன் இட்ட பெயரை மாற்றமாட்டேன் என்று. அவருடைய பேரர் ஸயீத் இப்னுல் முஸய்யப் பெரிய அறிஞர். அன்றிலிருந்து எங்கள் குடும்பத்தைவிட்டுக் கரடுமுரடு போகவில்லை என்று அவரே சொல்லியிருக்கிறார். பெயரின் பொருள் ஆளைப் பிடிக்கும் என்பதற்கு மாப்பிள்ளை இதைச் சொன்னார். எனக்கு அந்தக் கதையில் எப்போதும் வேறொன்றுதான் தைக்கும். நபிகளே கேட்டும் தகப்பன் இட்ட பெயரைக் கொடுக்க மறுத்த மனிதனின் கதையை, மறைக்காமல், அவன் வம்சத்தில் வந்தவனே சொல்லிப் பத்திரப்படுத்தியிருக்கிறான். வற்புறுத்தி மாற்றியதாகவும் கதையில் இல்லை. ஒரே கதை. இரண்டு பேருக்கும் அதில் இடம் இருந்தது.

அப்போதுதான் நான் கேட்டேன், நாலு பெயரில் இயாதை மட்டும் ஏன் விட மனசில்லை என்று. பட்டியலில் அதற்கு எதிரே 'கைம்மாறு' என்று போட்டிருந்தது. மாப்பிள்ளை கொஞ்சநேரம் பேசவில்லை. பிறகு, 'அது சரியான மொழிபெயர்ப்பு இல்லை மாமா. ஒண்ணு போனதுக்குப் பதிலா இன்னொண்ணு வர்றது. ஈடு' என்றார். வாப்பாவின் மௌத்துக்கு அவரால் வரமுடியவில்லை. விடுமுறை கிடைத்தபோது அடக்கம் முடிந்து நாலு நாளாகியிருந்தது.

வாப்பாவின் பெயரை வைக்க மறுக்கிறார் என்றுதான் வீடு முழுவதும் நினைத்துக்கொண்டிருந்தது. அவர் வாப்பாவைத்தான் வைத்துக்கொண்டிருந்தார். பெயரால் அல்ல, பொருளால். பெயரன் என்ற சொல் கேட்கும் கடமையை அகராதி வழியாகச் செய்யமுடியும் என்று எனக்கு அதுவரை தோன்றியதில்லை. ராத்தா ஓசையைக் காப்பாற்றுகிறாள், அவர் அர்த்தத்தைக் காப்பாற்றுகிறார். இருவரும் ஒரே கிழவரைத்தான் காப்பாற்றப் பார்க்கிறார்கள்.

இயாதைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். எழுதினால் ஐனில் தொடங்கி ளாதில் முடியும் பெயர். ளாத் தங்களுக்கே உரியது என்று அரபிகளுக்குப் பெருமை. தங்கள் மொழியையே ளாதின் மொழி என்பார்கள். இன்று அதை அவர்கள் அழுத்தமான தகரம்போலச் சொல்கிறார்கள். நம் பழைய ஆலிம்கள் அதற்கு ளகரம் வைத்தார்கள். ரமளான், பர்ளு, களா. ஊருக்கு வரும் பிள்ளைகள் முதலில் திருத்துவது இதைத்தான்: ரமளான் இல்லை, ரமதான். ஆனால் எட்டாம் நூற்றாண்டில் பஸராவில் இருந்து அரபு இலக்கணம் செய்த ஸீபவைஹி, நாக்கின் ஓரத்துக்கும் பக்கத்துக் கடைவாய்ப் பற்களுக்கும் இடையே பிறக்கும் ஒலி என்று ளாதை விவரித்திருக்கிறார். நாக்கின் ஓரம் என்றால் அது லகர ளகரங்களின் இனம். ஸ்பெயினில் காதி என்ற நீதிபதி அல்கால்தே ஆனபோது உள்ளே ஒரு லகரம் தங்கிவிட்டதும் இதனால்தான் என்கிறார்கள். அரபிகள் கைவிட்ட ஒலியின் சாயலைக் கடலுக்கு இப்பால் நம் கிழவர்கள் நாக்கில் வைத்திருந்திருக்கிறார்கள். கொச்சை என்று எதைத் திருத்துகிறோம் என்பதைத் திருத்துவதற்கு முன் ஒருமுறை பார்த்துக்கொள்வது நல்லது.

ஆகவே பழைய முறைப்படி அந்தப் பெயர் இயாள். பன்னிரண்டாம் நூற்றாண்டு அறிஞர் காளி இயாளை எங்கள் மதரஸாக்களில் அப்படித்தான் சொல்வார்கள். இதைச் சொன்னபோது மாப்பிள்ளைக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கோழிக்கோட்டில் சில வருஷம் கடை வைத்திருந்தவர். மலையாளத்தில் இயாள் என்றால் 'இந்த ஆள்'.

ஏழாம் நாள் அகீகா கொடுத்து முடி இறக்கியபோது வைத்த பெயர் அப்துல் காதிர் இயாத். ஷெய்கு போயிற்று. அப்துல் காதிருக்கு மாப்பிள்ளை சம்மதித்த காரணம் விசித்திரமானது. மனைவி அதைச் சொல்லப்போவதில்லை, அவளுக்கு அது மாமனார் பெயர். சம்பந்தியின் பெயர் என்பதால் ராத்தாவும் சொல்லமாட்டாள். யாரும் வாயால் தொடாததால் அது தேயாமல், அப்துல் உதிராமல், அப்படியே இருக்கும். சட்டம் இதில் தாராளமாகத்தான் இருக்கிறது. 1969ஆம் ஆண்டுப் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டத்தின்படி பெயரில்லாமலே பிறப்பைப் பதியலாம். 12 மாதங்களுக்குள் கட்டணமின்றியும், அதன்பின் 15 வயதுவரை தாமதக் கட்டணத்தோடும் பெயரைச் சேர்க்கலாம். ஆனால் 2023 அக்டோபர் 1 முதல் பிறந்தவர்களுக்குப் பள்ளிக்கூடத்திலிருந்து பாஸ்போர்ட்வரை பிறந்த தேதிக்கு அந்தச் சான்றிதழே ஆதாரம் என்றாகிவிட்டது. சேகாதிக்கு இருந்ததுபோல் காகிதத்துக்கு ஒரு எழுத்துக்கூட்டல் இனி நடக்காது. படிவத்தில் தமிழில் எழுதும் வேலை என்னுடையது. கடைசி எழுத்தை த் என்று எழுதினேன். அவர் கேட்டுக்கொண்டது அது, பிள்ளை அவருடையது.

பிள்ளைக்கு இப்போது பத்து மாதம். தாய் இயாத் என்கிறாள். மாமனாரை மீறாமல் அவள் சொல்லக்கூடிய ஒரு பெயர் அவளுக்குக் கிடைத்திருக்கிறது, அவளுடைய உம்மாவுக்கு அது கிடைக்கவில்லை. ராத்தா இயாளு என்கிறாள், உமறுக்குச் செய்ததுபோலவே ஒரு உகரத்தைச் சேர்த்து. அவள் ஸீபவைஹியைக் கேள்விப்பட்டவள் அல்ல. ஐந்து வயதில் ஓதக் கற்றபோது நாக்குக்குப் பழகியது அப்படி. மீன் கொண்டுவருபவர் தொட்டிலை எட்டிப் பார்த்து, சேகாதி பேரனா என்று கேட்டுவிட்டுப் போகிறார். சான்றிதழில் ஒன்றுதான் இருக்கிறது. மற்றவை எங்கும் எழுதப்படப்போவதில்லை என்பதால் இங்கே எழுதிவைக்கிறேன்.